டெக்னிக்கல் ரைட்டராகப் பட்டம் வேண்டுமா, வேலையில் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் டெஸ்டிங்கில் மூன்று வருடம் ஆகிவிட்டது. மென்பொருளின் புதிய பதிப்பில் என்ன மாறியது என்று சொல்லும் ரிலீஸ் குறிப்புகள் எழுதப்போய் எழுத்து வேலை பிடித்துவிட்டது. இப்போது கையில் இரண்டு வழி. ஒன்று, டெக்னிக்கல் கம்யூனிகேஷனில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு. இன்னொன்று, இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவான ஒரு ஜூனியர் டெக்னிக்கல் ரைட்டர் வேலை, அதாவது பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடுகள் எழுதுவது. "இந்தத் துறையில் பட்டத்துக்கு மதிப்பு உண்டா?" என்று முடித்திருந்தீர்கள். திரும்பத் திரும்பப் படித்ததில், அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பட்டம் இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பது ஒன்று. அது இல்லாமல் இந்த வேலையை உருப்படியாகச் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக இதே வேலை. முதல் ஏழு வருடம் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான கையேடுகள், அப்புறம் மென்பொருள். இதற்கென்று எந்தப் படிப்பும் இல்லாமல் உள்ளே வந்தவன். ஏழாவது வருடத்தில்தான் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கடந்த எட்டு வருடமாக நேர்காணல் மேசையின் மறுபக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து ஆய்வு அறிக்கைகள் எழுதும் மெடிக்கல் ரைட்டிங் பக்கம் நான் போனதில்லை. அங்கே கதையே வேறு, நான் சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பெரும்பாலான இடங்களில் கேட்பது ஏதாவது ஒரு பட்டம். அது உங்களிடம் இருக்கிறது, அதனால் வாசல் திறந்தே இருக்கிறது. இந்தத் துறைக்கென்றே தனிப் பட்டம் கேட்கிற இடங்களும் உண்டு. ஜெர்மனியில் இதற்குத் தனிப் படிப்புகள் பல காலமாக நடக்கின்றன. அங்கே இது முறையான ஒரு தொழிலாகவே பார்க்கப்படுகிறது. பயன்பாட்டுக் கையேடுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி/ஐஇஇஇ 82079-1, தன் 2019 பதிப்பில், கையேட்டைப் பற்றி மட்டுமல்லாமல் அதைத் தயாரிக்கிறவர்களுக்கு இருக்க வேண்டிய திறன்களைப் பற்றியும் பேசுகிறது. ஆகவே பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் அதிகமுள்ள இயந்திரத் துறைக்கோ, வேறு நாட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் பட்டத்தின் எடை கூடும். மென்பொருள் பக்கம் நான் ஆள் எடுத்தபோது, பட்டம் ஒருவரை நேர்காணல் வரை கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் முடிவைத் தீர்மானித்தது அவர் எழுதிக் காட்டியதுதான். சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை: அமெரிக்காவில் எழுபது வருடத்துக்கு மேல் இயங்கிய, சான்றிதழும் கொடுத்துவந்த, இந்தத் துறையின் பெரிய சங்கமான எஸ்டிசி, 2025 ஜனவரியில் திவால் நடவடிக்கைக்குப் போய் மூடப்பட்டது. பேருக்காக மட்டும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கும் முன் இதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பெரிய கேள்வி. இதற்கு என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது அங்கேதான்.

வேலையில் சேர்ந்த நான்காவது வருடம். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றுக்குப் பராமரிப்புக் கையேடு எழுதினேன். அந்த மாதிரிக் கருவிகளில் மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கபாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம் சில நிமிடங்களுக்குத் தங்கியிருக்கும். அது வடியும்வரை காத்திருந்துதான் மூடியைக் கழற்ற வேண்டும். நான் அதை எழுதாமல் விடவில்லை. "மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றவும்" என்று ஏழாவது படியில் எழுதிவிட்டு, அதன் கீழே கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் எச்சரிக்கை போட்டிருந்தேன். பக்க வடிவமைப்பு முடிந்தபோது ஏழாவது படி வலப்பக்கத்தின் கடைசி வரியாகவும், எச்சரிக்கை பக்கத்தைத் திருப்பினால் வருகிற முதல் வரியாகவும் போய்விட்டன. சில மாதம் கழித்து ஒரு சர்வீஸ் டெக்னீஷியனுடன் களத்துக்குப் போயிருந்தேன். மனிதர் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ரப்பர் கையுறை, மறு கையில் ஸ்க்ரூடிரைவர், என் கையேட்டைத் தரையில் விரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று திருகுகளைக் கழற்றிவிட்டு நிறுத்தினார். பிறகு நிதானமாக, பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார், அவ்வளவுதான். அவர் பழுத்த ஆள், கையேடு சொல்லாமலேயே காத்திருந்து பழகியவர். புதிய ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தச் சான்றிதழ் வகுப்பில் இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, எச்சரிக்கைகளைப் பற்றிய பாடம். ஆபத்து எந்தப் படியில் இருக்கிறதோ அதற்கு முன்னால் எச்சரிக்கை வர வேண்டும். என்ன ஆபத்து, அசட்டை செய்தால் என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது என்ற மூன்றையும் அது சொல்ல வேண்டும். மரணமோ கடுமையான காயமோ நிச்சயம் என்றால் ஒரு சொல், நேரக்கூடும் என்றால் இன்னொரு சொல், சிறு காயம் என்றால் வேறொன்று, பொருளுக்கு மட்டும் சேதம் என்றால் அதற்கும் தனிச் சொல். இவையெல்லாம் ஏற்கனவே யாரோ யோசித்து, தரநிலையாகவே எழுதி வைத்தவை. பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் பயந்து கற்றதை அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கற்றிருக்கலாம். அன்று எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

படிப்பு தருவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களைத்தான். மற்றவர்கள் அடிபட்டுக் கண்டுபிடித்ததை நீங்கள் மறுபடி அடிபடாமல் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு உதாரணம்: 1980களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்பவரும் சகாக்களும், கணினியைப் புதிதாகக் கற்பவர்கள் கையேட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார்கள். பலரும் வரிசையாகப் படிக்கவில்லை. முன்னுரையைத் தாண்டி, நேரே வேலையில் இறங்கி, மாட்டிக்கொண்ட பிறகுதான் தேடினார்கள். கையேட்டைக் கடுமையாகச் சுருக்கி, தவறு செய்தால் மீண்டுவரும் வழியைச் சேர்த்துக் கொடுத்தபோது வேகமாகக் கற்றார்கள். இதைத் தெரிந்துகொள்ளாத எழுத்தாளர், வாசகர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார் என்று நம்பிக்கொண்டே பல வருடம் எழுதுவார். நான் எழுதினேன்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலமும் அப்படித்தான். ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற தரநிலை அது. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25ஐத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான். விதிகளைக் கடைப்பிடிக்கச் சொல்ல வேண்டுமானால் 'ஒபே' என்றே எழுத வேண்டும். முதலில் பார்க்கும்போது கெடுபிடியாகத் தெரியும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக் ஒருவர் நடுராத்திரியில் அதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். (இடையில் ஒன்று: தமிழில் நிபந்தனை தானாகவே முன்னால் வந்துவிடும். "சிவப்பு விளக்கு எரிந்தால் வால்வை மூடுங்கள்" என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்தில் வால்வை மூடச் சொல்லிவிட்டு, விளக்கு எரிந்தால் என்பதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியும். வாசிக்கிறவர் வாக்கியம் முடிவதற்குள் வால்வை மூடியிருப்பார். வகுப்பில் இதைத் தனி விதியாகவே சொல்லித்தந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.)

இனி, வகுப்பில் கிடைக்காதது. இந்த வேலையின் பாதி நேரம் எழுதுவதில் போவதில்லை, விஷயம் தெரிந்தவரிடமிருந்து விஷயத்தை வாங்குவதில் போகிறது. உங்கள் டெவலப்பர் அனுப்பும் குறிப்பு (இதில் கட்டமைப்பு என்பது மென்பொருளின் செட்டிங்ஸ்) இப்படி இருக்கும்: "கட்டமைப்பு முறையாக முடிக்கப்பட்டது உறுதிசெய்யப்பட்ட பின் சேவை மறுதொடக்கம் செய்யப்பட வேண்டும்." படித்த எழுத்தாளர் இதைப் பார்த்தவுடன் செயப்பாட்டு வினையை மாற்றுவார், ஆளை முன்னால் கொண்டுவருவார்: "கட்டமைப்பு முறையாக முடிந்ததை உறுதிசெய்த பின் சேவையை மறுபடி தொடங்குங்கள்." வாக்கியம் அழகாகிவிட்டது, ஆனால் யாருக்கும் இதனால் பயன் இல்லை. 'முறையாக' முடிந்ததை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? அதை டெவலப்பரிடம் கேட்டால், "அதான் லாகில் வருமே" என்பார், மென்பொருள் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் கோப்பைச் சொல்கிறார். எந்த லாக், என்ன வரி, வராவிட்டால் என்ன செய்வது என்று நான்கு தடவை கேட்ட பிறகு, கட்டமைப்பைச் சோதிப்பதற்கென்றே தனியாக ஒரு கட்டளை இருப்பது தெரியவரும். அதை ஓட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்போது ஒன்றுமே அச்சாகாது என்பதும் தெரியவரும். அப்போதுதான் உண்மையான படி பிறக்கிறது: "சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். திரையில் எதுவும் வராவிட்டால் கட்டமைப்பு சரி. பிழைச் செய்தி வந்தால் அதில் சொல்லும் வரியைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு சேவையை மறுபடி தொடங்குங்கள்." அந்த நான்கு கேள்விகளை, எரிச்சலில் இருக்கும் ஒருவரிடம், ரிலீஸுக்கு முந்தின நாள், உறவு கெடாமல் கேட்கத் தெரிவதுதான் அனுபவம். என் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கேள்விகளை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பதிலே போடாத மின்னஞ்சலுக்கு என்ன செய்வது என்று அதில் இல்லை.

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். மூல காரணங்கள் மென்பொருள் பிழையும் வடிவமைப்பும்தான், எழுத்தாளர் மேல் பழியைப் போட முடியாது. ஆனால் அவற்றில் சில விபத்துகளில் இயக்குபவரின் திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்ற ஒரே வரி. அவர் கையில் இருந்த கையேட்டில் அந்த எண்களுக்கு விளக்கமே இல்லை. அடிக்கடி வந்து போகிற செய்தி என்று பழகிப்போய், தொடரச் சொல்லும் விசையை அழுத்தினார்கள். "54 என்றால் என்ன? அதைப் பார்க்கிறவர் என்ன செய்ய வேண்டும்?" என்று ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டு எழுதியிருந்தால் விபத்து நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்பது நம் வேலை என்று மட்டும் சொல்வேன்.

இதுவரை சொன்னதைப் படித்தால், இரண்டும் வேண்டும் என்று வழவழவென்று முடிக்கப்போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வேலையில் சேர்ந்தால் பயிற்சி கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோமே, பல இடங்களில் அது நடப்பதே இல்லை. எனக்கு முதல் ஐந்து வருடம் ரிவ்யூ என்றால் இதுதான்: "பக்கம் 14இல் 12 வோல்ட் இல்லை, 24 வோல்ட்." பொறியாளர்கள் தகவல் பிழையைத் திருத்துவார்கள், அது அவர்கள் வேலை. படிகளின் வரிசை சரியா, எச்சரிக்கை எங்கே இருக்கிறது, இந்தப் பத்தி தேவையா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும் கற்றுக்கொள்வதாக நினைத்துக்கொண்டே ஒரே தவறைப் பல கையேடுகளில் செய்துகொண்டிருந்தேன். ஆறாவது வருடம் எங்கள் குழுவுக்கு ஒரு மூத்த எடிட்டர் வந்தார். அந்த அம்மா என் பிரதியைத் திருத்தித் தரவே மாட்டார். ஓரத்தில் பென்சிலில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதுவார்: "இதைப் படிக்கும்போது அவர் கையில் என்ன இருக்கும்?" சில பக்கங்களில் அந்தக் கேள்வி ஐந்து இடத்தில் இருக்கும். டெக்னீஷியனின் கையுறை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அவருடன் வேலை செய்த ஒன்றரை வருடம் எனக்கு அதற்கு முந்தின ஐந்து வருடத்தைவிட அதிகம் தந்தது. மறுபடி வகுப்புக்குப் போகத் தூண்டியதும் அவர்தான்.

ஆகவே என் கட்சி இது: உங்கள் பிரதியை யாராவது கூர்ந்து படித்துத் திருப்பித் தருகிறார்களா என்பதைப் பாருங்கள். அது நடக்கிற இடத்தில் கற்பீர்கள், கல்லூரியோ அலுவலகமோ. நடக்காத இடத்தில் கல்லூரியிலும் கற்க மாட்டீர்கள். முதுகலைப் படிப்பை விசாரிக்கும்போது பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளை விட்டுவிடுங்கள். ஒரு பருவத்தில் ஒரு மாணவரின் எத்தனை பிரதிகள் குறிப்புகளோடு திரும்பி வருகின்றன, நிஜமான ஒரு பொருளுக்கு நிஜமான வாசகரை வைத்துச் சோதித்து எழுதும் திட்டப்பணி உண்டா என்று பழைய மாணவர்களிடம் கேளுங்கள். மதிப்பெண் மட்டும்தான் வரும், குறிப்பு வராது என்றால் அந்தப் படிப்பு வேண்டாம்.

மென்பொருள் கருவிகளைக் கற்கவென்று படிக்கப் போகாதீர்கள். எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் ஒரு மாலையில் வந்துவிடும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) உங்களுக்கு டெஸ்டிங்கிலேயே பழகியிருக்கும். கையேட்டைச் சிறு தலைப்புகளாகப் பிரித்து எழுதும் டிட்டா (DITA) மாதிரி எக்ஸ்எம்எல் முறைகள் கொஞ்சம் நாள் பிடிக்கும். ஆனால் விளக்கம், செய்முறை, குறிப்புத் தகவல் என்று அது ஏன் பிரிக்கிறது என்பது புரிந்தால் மற்றது பழக்கம்தான்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு முதல் வரைவு எழுதும் வேலை மலிந்துவிட்டது, அது கண்ணெதிரே நடக்கிறது. நீங்கள் கேட்கிற இந்த ஜூனியர் வேலை இன்னும் ஐந்து வருடத்தில் எப்படி இருக்கும் என்பதில் நான் சொல்வது ஊகம் மட்டுமே. என் ஊகம்: வாக்கியத்தை அழகாக்கத் தெரிந்தவரின் மதிப்பு இறங்கும். அழகான வாக்கியம் பொய் சொல்கிறதா என்று பொருளை இயக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பவரின் மதிப்பு ஏறும். நான் மேலே சொன்ன அந்த 'முறையாக' என்ற சொல்லை ஒரு கருவி இன்னும் நேர்த்தியாக மறைத்துவிடும். அதைத் தோண்டி எடுக்க ஆள் வேண்டும். இதுவே பட்டத்துக்குச் சாதகமா பாதகமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் துணிச்சல் இல்லை.

உங்கள் விஷயத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: நீங்கள் டெஸ்டர். பிழை அறிக்கை எழுதத் தெரிந்தவருக்குச் செய்முறை எழுதுவதில் பாதி தெரியும். எந்த நிலையில் தொடங்கினேன், என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்ற நான்கும் நல்ல கையேட்டின் ஒவ்வொரு படியிலும் ஒளிந்திருக்கிறது. இலக்கியம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவருக்கு முதல் வருடம் முழுக்கப் பிடிப்பது இதுதான். அவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன். இன்னொரு பட்டம் உங்களுக்கு இப்போது அவசரமில்லை. வேலையை எடுங்கள், ஒன்றரை இரண்டு வருடம் கழித்து ஒரு பகுதிநேர வகுப்பில் சேருங்கள். அடிபட்ட பிறகு அந்தப் பாடங்கள் சட்டென்று ஒட்டும், எனக்கு ஒட்டியது மாதிரி. ஆனால் என்னைப் போல ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம்.

ஒரு ஓட்டையை மட்டும் முன்கூட்டியே அடைத்துக்கொள்ளுங்கள். வேலையில் எழுதுவது பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் போய்விடும். மூன்று வருடம் கழித்து அடுத்த நேர்காணலில் காட்ட ஒரு பக்கம்கூட இருக்காது. படித்தவர்களிடம் திட்டப்பணியாவது இருக்கும். அதற்காக, நீங்களே பயன்படுத்துகிற ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் (யாரும் உள்ளே பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) மென்பொருளின் ஆவணங்களில் மாதம் ஒரு திருத்தம் அனுப்புங்கள். பல திட்டங்களில் ரிவ்யூ செய்கிறவர்கள் முகதாட்சண்யமே பார்க்காமல் கிழிப்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் எடிட்டர் அவர், எல்லோரும் பார்க்கும்படி உங்கள் பெயரும் பதிவாகியிருக்கும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: சமீபத்தில் வெளியான ஏதாவது ஒரு கையேட்டின் ரிவ்யூ குறிப்புகளை, ரகசியமான பகுதிகளை மறைத்துவிட்டாவது, காட்ட முடியுமா என்று. வோல்ட் எண்கள் மட்டும் திருத்தியிருந்தால் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். ஓரத்தில் கேள்விகள் இருந்தால் அவற்றை எழுதியவர் யார் என்று விசாரித்து, அவரோடு கால் மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சரியாகப்பட்டால், சம்பளக் குறைவைப் பார்க்காமல் சேர்ந்துவிடுங்கள்.